முகத்தை மறைக்கலாம், கையை?

2024 டிசம்பர் 12. செந்தோசாவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் 6.5 புள்ளிகளில் சமம். 55ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரன் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரே சென்னையின் குகேஷ், வயது 18. தவறு கண்ணில் பட்டதும் அவர் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் தாம் செய்த பிழை டிங்குக்கே புரிந்ததாம். ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர்களிடம் அவரே இதைச் சொன்னார்.

குகேஷுக்கு இதனால் நட்டமில்லை. வைத்த காயைத் திரும்ப எடுக்க முடியாதே! போக்கர் சீட்டாட்டத்தில் அப்படியில்லை. உங்களிடம் நல்ல சீட்டு இருப்பதை எதிராளி மோப்பம் பிடித்துவிட்டால், பேசாமல் விலகிக்கொள்வார். (பணம் வைத்து ஆடச் சொல்லவில்லை. இங்கே சூதாட்டக்கூடத்துக்குள் நுழையவே 21 வயதாக வேண்டும். நமக்கு வேண்டியது உடலியல் மட்டுமே.)

உணர்ச்சி பொங்கும்போது சிறுநீரகங்களின்மேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் படபடக்கிறது, கண்மணி விரிகிறது, விரல் நடுங்குகிறது. இவற்றை நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலம் உங்கள் அனுமதியைக் கேட்பதில்லை. சிரிப்பும் அப்படித்தான். உதட்டோரத்தை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும்; கண்ணைச் சுற்றியுள்ள தசை எளிதில் கேட்காது என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1862இலேயே எழுதினார். வகுப்புப் படத்தில் உங்கள் கண்களைக் கவனியுங்கள்.

சரி, முகத்தைக் கல்லாக்கினால் தப்பிக்கலாமா? 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சுவையானது. 2009 உலகப் போக்கர் தொடரின் காணொளித் துண்டுகளை மாணவர்களுக்குக் காட்டி, யாரிடம் நல்ல சீட்டு என்று கேட்டார்கள். ஆட்டக்காரரின் முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம், காசு சுண்டிப் பார்ப்பதைவிட மோசம். கைகளை மட்டும் பார்த்தவர்களோ அதைவிட நன்றாக ஊகித்தார்கள்! நல்ல சீட்டு வைத்திருந்தவர்களின் கை, பணய வில்லைகளைத் தயங்காமல், சீராகத் தள்ளியது. முகத்துக்குக் காவல் போட்டவர்கள் கையை மறந்துவிட்டார்கள்.

கையையும் சேர்த்து அடக்குவது கடினம். அதைவிட எளிய வழி, எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. எதிராளி தேடுவது வேறுபாட்டை. நல்ல சீட்டுக்கும் மோசமான சீட்டுக்கும் ஒரே நேரம் எடுத்து, ஒரே விதமாகக் கையை நீட்டினால் அவர் படிக்க எதுவுமில்லை. மூச்சை மெதுவாக வெளிவிட்டால் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும். சதுரங்கத்திலும் நீங்கள் வைத்த பொறியையே உற்றுப் பார்க்காதீர்கள். பலகை முழுவதும் கண்ணை ஓட்டுங்கள்.

பிடோக்கில் உங்கள் புளோக்கின் கீழ்த்தள மேசையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு கையில் காசை ஒளித்து, எந்தக் கை என்று நண்பரை 20 முறை ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு, மூன்று எண்ணி, இரு கைகளையும் ஒன்றாக நீட்டி, மேசையையே பார்த்தபடி இன்னொரு 20 முறை. 11, 12 சரியான விடைகள் தற்செயலாகவே வரும். 16ஐத் தாண்டினால் உங்களிடம் ஏதோ பேசுகிறது. முகமா கையா என்று கண்டுபிடிக்க, அடுத்த முறை முகத்தை ஒரு புத்தகத்தால் மறைத்துக்கொள்ளுங்கள்.