சுருங்க மறுத்த குடல்

ஓர் அங்குல நீளமுள்ள கோழிக்குடல் துண்டு ஒன்று, வெதுவெதுப்பான உப்புத் திரவத்தில், காற்றுக்குமிழிகள் தன்னைச் சுற்றி ஓயாமல் எழும்பிக்கொண்டிருக்க, தான் மட்டும் யாதொரு சலனமுமின்றித் தொங்கிக்கொண்டிருப்பதை மூன்று நாட்கள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனுடைய மனக்கிலேசத்தை, அதை அனுபவித்தவர்களே அறிவார்கள். மருந்தியல் படித்த காலத்தில் அந்த மாணவனாக நான் இருந்தேன். விடியுமுன் சைக்கிளில் கறிக்கடைக்குப் போய், “இந்தக் குடலை வச்சு என்னதான் பண்றீங்க தம்பி?” என்று கடைக்காரர் கேட்பதற்குச் சிரிப்பையே பதிலாகத் தந்துவிட்டு, டைரோடு என்னும் அந்த உப்புத் திரவத்தைக் குளிரவைத்து நிரப்பிய பிளாஸ்கில் அதைப் போட்டுக்கொண்டு பறந்து வருவேன். அசிட்டைல்கோலின் மருந்தைச் சேர்த்ததும் குடல் சுருங்க வேண்டும். சுருங்கினால், நூலால் அதனுடன் பிணைத்த நெம்புகோல் அசைந்து, புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய உருளையின்மேல் ஒரு சிகரத்தைக் கீறிக் காட்டும். என் உருளையிலோ, மேடு பள்ளமற்ற ஒரே கோடு!

முதலில் கோழியைக் குறை சொன்னேன், பிறகு கடைக்காரரை, அப்பால் மருந்துப் புட்டியை. ஒரே நாளில் மருந்தையும், வெப்பத்தையும், நூலின் இழுவையையும் சேர்த்து மாற்றியபோது நெம்புகோல் இலேசாக அசைந்தது. எதனால் அசைந்தது என்பதை மட்டும் பிரம்மதேவனே வந்தாலும் சொல்லியிருக்க முடியாது. தோல்வியைவிடக் கேடானது, காரணம் தெரியாத இத்தகைய அரைகுறை வெற்றியே என்று இன்றும் எண்ணுகிறேன்.

நாலாம் நாள், ஆய்வுக்கூட உதவியாளர் திரவக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கே, பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன், முதல் நாளே பார்த்திருந்தேன், அதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை, அவ்வளவுதான். டைரோடு திரவத்தின் ஒரு லிட்டரில் சோடியம் குளோரைடு 8 கிராம், சோடியம் பைகார்பனேட் 1 கிராம் இருக்க, கால்சியம் குளோரைடு வெறும் 0.2 கிராம்தான். அதைத் தனியே நீரில் கரைத்து, மற்ற உப்புகள் யாவும் நன்கு கரைந்த பிறகு, கடைசியாகவே சேர்க்க வேண்டும். நானோ அவசரத்தில் எல்லா உப்புகளையும் ஒன்றாகக் கொட்டி, மேலே கொஞ்சம் நீர் விட்டுக் கலக்கியிருந்தேன். கால்சியம், கார்பனேட்டாக மாறி வண்டலாய் இறங்கிவிட, மிஞ்சிய திரவத்தில் குடல்தசை சுருங்குவதற்கு வேண்டிய கால்சியம் போதவில்லை.

இதே கால்சியத்தினிடம் ஏமாந்தவர் ஒரு மகானுபாவர் என்பதைப் பின்னால் படித்தபோதுதான் எனக்கு ஆறுதல் பிறந்தது. லண்டனில் வைத்தியத் தொழிலுக்கிடையே கிடைத்த அவகாசத்தில் தவளை இதயத்தைப் பரிசோதித்துவந்த ஸிட்னி ரிங்கர், உப்புக் கரைசலில் அது நெடுநேரம் துடிப்பதாக 1882-இல் எழுதினார். பின்பு புதிதாகக் கரைசல் தயாரித்தபோது துடிப்பு சீக்கிரமே தளர்ந்துவிட்டது. விசாரித்ததில், முன்னைய கரைசல் வாலைவடி நீரில் அல்ல, குழாய்நீரில் செய்யப்பட்டது என்பது வெளியாயிற்று. அந்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தே இதயத்தை இயக்கிவந்தது. வேறொருவராயிருந்தால் பழைய கட்டுரையைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டார். ரிங்கரோ 1883-இல், தம் கரைசல் குழாய்நீரால் ஆனது என்பதை அச்சிலேயே ஒப்புக்கொண்டு, அந்தப் பிழையிலிருந்தே கால்சியத்தின் அவசியத்தை ஸ்தாபித்தார். ஆஸ்பத்திரிகளில் இன்று சிரையில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

என் குடலும் ஐந்தாம் நாள் சுருங்கியது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் சிகரங்களுக்கு முன்பக்கத்தில், அந்த வெற்றுக் கோட்டையும் பிசின் கரைசலில் தோய்த்து உலர்த்தி ஒட்டி, “குடுவையில் வண்டல்” என்று கீழே எழுதி வைத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பரிசோதகர், சிகரங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, அந்தக் கோட்டைப் பற்றியே கால்மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.