உயர்த்திய பிக்கப் வண்டியும் ரயரின் அளவும்

அமெரிக்க நாட்டு வீதிகளிற் செல்லும் 'பிக்கப்' என்னும் சிறு பாரவண்டிகளிற் சில, தம் இயல்பான உயரத்தினும் மூன்று நான்கு அங்குலம் உயர்த்தப்பட்டுப் பெரிய ரயர்களோடு காணப்படும். மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாப் பாலையில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூர ஓட்டப்போட்டியின் வழியை முன்கூட்டியே பார்த்துவரச் சென்ற வண்டிகள் இக்கோலத்திற்கு ஒரு முன்மாதிரியாயின. அவற்றுட் பல பின்சில்லுகள் இரண்டினால் மாத்திரம் உந்தப்படுவன. இத்தகைய வண்டிக்கு எவ்வளவு பெரிய ரயர் பொருந்தும் என்னும் வினா விருப்பத்தின்பாற்பட்டது போலத் தோன்றினும், உண்மையிற் கணிதத்தின்பாற்பட்டதாகும். கணக்குப் பிழைப்பின் உயிருக்கே இடராம்.

ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள குறியை முதலிற் படித்தறிதல் வேண்டும். 265/70 ஆர் 16 என்பதை எடுத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு என்பதைக் காட்டும். 'ஆர்' என்பது உள்ளிழைகள் ஆரைவழியே செல்லும் அமைப்பைக் குறிக்கும். 16 என்பது அங்குலத்தில் விளிம்பின் விட்டம். பக்கச்சுவர் 185.5 மி.மீ.; மேலும் கீழுமாக இருமடங்கு 371 மி.மீ.; விளிம்பு 406.4 மி.மீ.; ஆக முழுவிட்டம் ஏறத்தாழ 777 மி.மீ., அதாவது 30.6 அங்குலம். இவ்வாறே 285/75 ஆர் 16 என்னும் பெரிய ரயரின் விட்டம் 834 மி.மீ., அதாவது 32.8 அங்குலம் ஆகும்.

வண்டியை உயர்த்தினால் அதன் அடிப்பாகம் முழுவதும் நிலத்தினின்று உயரும் எனப் பலர் கருதுவர். அது முற்றும் உண்மையன்று. வில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்துங்கால் உயர்வது சட்டமும் உடலுமே. பின்னச்சு இருந்தவிடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்த வல்லது ரயர் ஒன்றே; அதுவும் விட்டம் மிகுந்ததிற் பாதியளவே உயர்த்தும். மேற்கூறிய மாற்றத்தில் விட்டம் 57 மி.மீ. மிகினும், அச்சு உயர்வது 28 மி.மீ. மாத்திரமே. ஆகலின், உயர்த்துதல் பெரிய ரயருக்கு இடமளிக்கும் வழியேயாம். அவ்விடம் போதுமா என்பதை வண்டி நிற்கும் நிலையில் அளந்து துணிதல் கூடாது. முன்சில்லை முற்றாகத் திருப்பியும், வில் முற்றாக அமுங்கிய நிலையிலும் அளத்தல் வேண்டும்.

இனி, விட்டத்தோடு பரிதியும் நூற்றுக்கு ஏழு பங்கு மிகும். வேகமானியோ சில்லின் சுழற்சியையே எண்ணுவது. எனவே அது மணிக்கு 60 மைல் எனக் காட்டும்போது வண்டி 64 மைல் வேகத்திற் செல்லும். இயக்கசத்தி வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதசமமாதலின், சாரதி அறியாமலே நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகுந்த சத்தியை நிறுத்தவேண்டியவனாகின்றான். ஆரை மிகுந்தமையால், பிறேக்கை முன்போல் மிதிப்பினும் நிலத்தின்மேற் செயற்படும் விசை ஏழு பங்கு குறையும். பின்னச்சின் பல்விகிதம் 3.73 ஆயின், அது 3.48 போலத் தொழிற்படும். மேட்டில் வண்டி தளரும். முன்னைய இழுவையைப் பெறுதற்கு விகிதம் 4.00 ஆதல் வேண்டும்.

ஈரில்லு உந்தும் வண்டிக்குரிய குறையொன்றுண்டு. பாரம் ஏற்றாதவிடத்து எடையின் பெரும்பங்கு முன்னச்சின்மேலேயே தங்கும். உந்தும் பின்சில்லுகளோ இலேசானவை. உராய்வு, அழுத்தும் எடையைச் சார்ந்தது. ஆகவே ரயரைப் பெருக்கிய மாத்திரத்தே சேற்றினின்று வண்டி மீளும் என எதிர்பார்த்தல் வீண். மேலும், பின்சில்லுகள் இரண்டும் ஒரே அளவின ஆதல் இன்றியமையாதது. அன்றேல் அச்சின் நடுவிலுள்ள பற்சில்லுகள் ஓய்வின்றி உழன்று தேயும். மேலதிகச் சில்லையும் அவ்வளவினதாகவே வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாகக் கருதத்தக்கது கவிழும் இயல்பு. இடவலச் சில்லுகளின் இடைத்தூரத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுத்துவரும் எண் இதனைக் காட்டும். இடைத்தூரம் 60 அங்குலமும் மையம் 27 அங்குலமும் ஆயின் அவ்வெண் 1.11, மையம் 31 அங்குலத்திற்கு உயரின் 0.97. எண் குறையக் குறைய வளைவில் வண்டி கவிழ்வது எளிதாகும்.

எனவே வண்டி எங்கே, எதற்காக ஓடவேண்டும் என்பதை முதலில் வினவுக. பின்னர்ச் சுமையெண்ணை நோக்குக. 112 எனப் பொறித்த ரயர் ஒன்று 1120 கிலோகிராம் தாங்கும். அதன்பின் இடத்தையும் பல்விகிதத்தையும் நோக்கி, ஈற்றில் வேகமானியைத் திருத்துக. நகர வீதியிற் செல்வோர்க்கு, உற்பத்தியாளர் வகுத்த அளவை அண்டிய ரயரே சாலும். வகுப்பறையிற் கற்கும் விட்டமும் பரிதியும் விகிதமும் பரீட்சைத்தாளோடு முடிவனவல்ல. வண்டியில் அமர்ந்து வரும் மனைவி மக்களின் பாதுகாப்பும் அவற்றைச் சார்ந்துள்ளது என்பதை மாணவர் உணர்வாராக.