தேங்காய் எண்ணெயும் காரமும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதே முதன்மையான வழிபாடு. அத்தேங்காயின் எண்ணெய், கரிம இரசாயன வினைகளின் விளைபொருளை முன்கூட்டியே அறியக் கற்பிப்பதற்கு ஏற்றதொரு பொருளாகும்.

எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். இதனை மாணவர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். கொழுப்பமிலமும் சோடியம் கிளிசரேட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று வினவினாலோ, பலர் விழிப்பர்!

எண்ணெய் என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் இணைந்த எஸ்டர். அவ்வமிலங்களுள் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். எஸ்டரில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்துள்ள கார்பன் அணு எலெக்ட்ரான் குறைவுற்றது. ஆகவே எலெக்ட்ரான் மிகுந்த ஹைட்ராக்சைடு அயனி அதனையே தாக்குகிறது. கிளிசரின் பகுதி பிரிகிறது. பிரிந்த இரண்டனுள் வலிமை மிக்க அமிலம் எதுவோ அதுவே புரோட்டானை இழந்து உப்பாகும். கிளிசரினைவிடக் கொழுப்பமிலம் மிக வலியது. அதன் சோடியம் உப்பே சோப்பு. எலெக்ட்ரான் மிகுந்த அவ்வுப்பை ஆல்கஹால் மீண்டும் தாக்க இயலாமையால் வினை பின்னோக்கிச் செல்வதில்லை. காரத்திற்குப் பதிலாக அமிலத்தைச் சேர்த்தாலோ, வினை இருதிசையிலும் நிகழும்.

பிணைப்பு முறியும் இடம் வெறும் ஊகமன்று. 1934-இல் போலான்யி, சாபோ என்னும் இருவர், கன ஆக்சிஜன் கொண்ட நீரில் அமைல் அசிட்டேட்டைக் காரத்தால் சிதைத்தனர். விளைந்த ஆல்கஹாலில் கன ஆக்சிஜன் காணப்படவில்லை.

வகுப்பில் எத்தில் அசிட்டேட்டைக் காரக் கரைசலுடன் இளஞ்சூட்டில் குலுக்கிக் காட்டலாம். விளைபொருள்களை மாணவர் முன்னதாகவே எழுதிவைத்தல் வேண்டும். பழமணம் மெல்ல மறைவதை அதன்பின் முகர்ந்தறியலாம்.