பாடல் பரவும் முன் பெயர் எழுதப்பட வேண்டும்

புதிய இசைத்தொகுப்பை வெளியிடும் சுயாதீனக் கலைஞருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. முன்னோட்டக் காணொளி வெளியிட வேண்டும், இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் தோன்ற வேண்டும், பாடல் எப்படியாவது பரவ வேண்டும் என்பன அவை. பாடல் பரவினால் பாடியவருக்கும் எழுதியவருக்கும் பயன் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை இவற்றின் அடியில் இருக்கிறது. தலித் கலைஞர்களின் அண்மைக்கால அனுபவம் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. பாடல் பரவும் வேகத்திலேயே படைத்தவரின் பெயர் பின்தள்ளப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். எனவே ஒரு தொகுப்பின் பரப்புரை, பெயர், பத்திரம், கணக்கு ஆகிய மூன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ எழுப்பிய கேள்விகள்

2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் யூடியூப் தளத்தில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. அரக்கோணத்தைச் சேர்ந்த தெருக்குரல் அறிவு எழுதி, தீயுடன் இணைந்து பாடிய பாடல் அது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு நிலமற்றவராகத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அப்பாடல் பிறந்ததாக அறிவு கூறியிருக்கிறார். திரைப்படத்தின் துணையின்றி வெளியான அப்பாடல் யூடியூபில் 40 கோடிக்கும் அதிகமான பார்வைகளைப் பெற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் இப்பாடலையும் ‘நீயே ஒளி’யையும் முன்னிறுத்தி அட்டைப்படம் வெளியிட்டது. அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். இரு பாடல்களிலும் பங்குள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பின்னரே அறிவின் படம் தாங்கிய மின்னட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே பாடல் அரங்கேறியது. பாடலின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து அறிவும் சந்தோஷ் நாராயணனும் அதன்பின் வெளியிட்ட விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். நிறுவனம் தன் தரப்பு மறுப்பை வெளியிட்டது.

இவ்விவாதத்தில் யார் கூறுவது சரி என்று தீர்ப்பளிப்பது இங்கு நம் நோக்கமன்று. புகழ்பெற்ற இசையமைப்பாளரே கணக்குக் கேட்டுக் காணொளி வெளியிட வேண்டியிருக்கும்போது, முதல் தொகுப்பை வெளியிடும் கிராமத்து இளைஞரின் நிலை என்ன என்பதே நமக்குரிய கேள்வி.

நிலத்தில் கற்ற பாடம்

உத்திரமேரூர் என்றதும் பாடநூல்கள் குடவோலை முறையைப் பேசும். முதலாம் பராந்தகன் காலத்தின், கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஓலையில் எவர் பெயர் எழுதப்படலாம் என்பதையும் வரையறுக்கிறது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உடையவரின் பெயர் மட்டுமே குடத்துக்குள் செல்லும். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் தகுதி இல்லை. ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடப்படும் அவ்வூரின் வயல்களில் உழைத்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

இப்பகுதி முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை பிறந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் மாற்றக்கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் கடனாலும் கைநாட்டாலும் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர்.

பாட்டுக்கும் ஒரு பஞ்சமி நிபந்தனை

பதிப்புரிமைச் சட்டம், 1957இல் ஏறத்தாழ இதே வடிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 18இல் சேர்த்த நிபந்தனையின்படி, திரைப்படம் சாராத ஒலிப்பதிவில் இடம்பெறும் வரிகளையும் மெட்டையும் படைத்தவர், அவற்றுக்கான உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். மாறாக எழுதப்பட்ட ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது.

ஆனால் ஒரு பாடலில் உரிமை ஒன்றல்ல. வரிகள் எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு மற்றொன்று, ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் அதைத் தயாரித்தவர். பாடியவரும் பறையடித்தவரும் ‘நிகழ்த்துநர்’ என்ற முறையில் பிரிவு 38 முதல் 38பி வரை தனி உரிமை பெறுகின்றனர். மெட்டை இசைக்குறிப்பாக எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாயால் பாடி உருவாக்கியவரும் சட்டத்தின் பார்வையில் இசையமைப்பாளரே. உரிமைகளை விற்ற பின்னரும் ‘இது என் படைப்பு’ என்று கூறும் உரிமையைப் பிரிவு 57 படைத்தவரிடமே விட்டுவைக்கிறது.

உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்ற சொற்கள் ஒப்பந்தங்களில் தவறாமல் இடம்பெறுவதன் காரணம் இதுதான். கையொப்பமிடும் முன் அச்சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வெளியீட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, பங்கீட்டுத் தாள். ஒலிப்பதிவு முடிந்த அன்றே வரிகள், மெட்டு, தாளம், குரல், தயாரிப்பு ஆகியவற்றில் யார் பங்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிட வேண்டும். நண்பர்களுக்கிடையில் தாள் எதற்கு என்ற தயக்கம் கூடாது. பாடல் வெற்றி பெறும் நாளில் தாள்தான் நட்பைக் காக்கும்.

இரண்டாவது, மெட்டாடேட்டா. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாடல் விநியோக நிறுவனம் வழியாகவே செல்கிறது. அங்கு நிரப்பும் படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், நிகழ்த்துநர் ஆகியோரின் பெயர்கள் தனித்தனியே இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 இடக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதுவே இன்றைய குடவோலை. இதில் எழுதப்படாத பெயருக்குப் பணம் வந்து சேர்வது அரிது.

மூன்றாவது, சங்க உறுப்பினர் தகுதி. எழுதியவரும் மெட்டமைத்தவரும் 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேரலாம். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எனினும் பிரிவு 45இன் கீழ் செய்யப்படும் பதிவு வழக்கில் சான்றாக நிற்கும். மீறல் நேர்ந்தால் பிரிவு 62 துணை நிற்கிறது. நிறுவனம் எந்த நகரத்தில் இருந்தாலும், கலைஞர் தாம் வசிக்கும் இடத்தை ஆளும் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். உத்திரமேரூர்க்காரர் மும்பைக்கு ரயிலேற வேண்டியதில்லை.

நான்காவதுதான் மேடை. நமக்கென வெளியீட்டு நாள்களும் களங்களும் உண்டு. ஏப்ரல் 14 விழா மேடைகளும் டிசம்பர் 6 கூட்டங்களும் கல்லூரி வாசகர் வட்டங்களும் அவற்றுள் அடங்கும். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சியும், 2020 டிசம்பரில் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’யும், சபாக்களின் அழைப்புக்குக் காத்திராமல் கேட்பவர்களை உருவாக்க முடியும் என்று காட்டின. அம்மேடைகளின் துண்டறிக்கையிலும் பறைக்கலைஞர் ஒவ்வொருவரின் பெயரும் அச்சாக வேண்டும். ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்களைக் கரைத்துவிடக் கூடாது.

சட்டம் எட்டாத இடம்

சட்டத்துக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. பாட்டிமார் பாடிய ஒப்பாரிக்கும் தலைமுறைகளாகக் கைமாறிய பறையடிகளுக்கும் அது தனி உரிமையாளரைக் காண்பதில்லை. அவற்றை யாரும் எடுத்தாளலாம். எடுத்துப் பதிவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது உரிமையும் கிடைத்துவிடும். பின்னர் ஊர்க்காரர்களே தம் பாட்டைப் பாடி யூடியூபில் ஏற்றினால், தானியங்கி ஒப்பீட்டு முறை அதை மீறல் என்று சுட்டவும் வாய்ப்புண்டு. அத்தகைய கோரிக்கையை அத்தளத்திலேயே மறுக்கலாம். மறுப்பதற்குப் பழைய பதிவும் தேதியும் நம் கையில் இருக்க வேண்டும். ஊர்தோறும் முதியோரின் பாடல்களைப் பெயரோடும் நாளோடும் பதிவு செய்வது மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி.

அறிவு 2024இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டார். பட்டாவில் ஏறாத ஒரு மூதாட்டியின் பெயர் தொகுப்பின் தலைப்பாக நிற்கிறது. நம் இளைஞர்கள் வெளியிடும் ஒவ்வொரு தொகுப்பிலும் யாரிடம் கற்றோம், யாருடன் வாசித்தோம் என்ற பட்டியல் இருக்கட்டும். அப்பாடலைப் பகிரும் நாமும் அந்தப் பெயர்களைச் சேர்த்தே பகிர்வோம்.