பாரி மகளிர் பாடலின் யாப்பும் அவலமும்

யாப்பிலக்கணம் என்றவுடன் அசை, சீர், தளை என வாய்பாடு ஒப்புவிக்கும் பயிற்சியே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. பாவின் வடிவம் உணர்வைத் தாங்கும் விதம் வகுப்பறையிற் பேசப்படுவது அரிது. அதனை உணர்த்தப் புறநானூற்றின் 112ஆம் பாடல் ஒன்றே போதும்.

மூவேந்தரின் முற்றுகையில் பாரி மாண்டு, பறம்பு மலையும் பறிபோனபின் அவன் மகளிர் பாடியது இது. ஐந்தே அடிகள். திணை பொதுவியல், துறை கையறுநிலை.

முதலடியையும் மூன்றாமடியையும் வேறுபடுத்துவது சுட்டெழுத்து மட்டுமே. அகரம் அன்றைய நிலவைச் சுட்ட, இகரம் இன்றைய நிலவைச் சுட்டுகின்றது. நிலவு மாறவில்லை, பார்ப்பவர் நிலை மாறிவிட்டது. இரண்டாமடியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக வர, இறுதியடியில் அவ்வரிசை தலைகீழாகின்றது. தந்தையின் இழப்பே கடைசியாகச் சொல்லப்படுகின்றது.

நான்காமடிதான் நுட்பமானது. ஏனைய அடிகள் நாற்சீர் பெற, ஈற்றயலடி முச்சீராய் நிற்பது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். வேந்தரின் வெற்றி முரசு இடம்பெறுவது இக்குறுகிய அடியிலேதான். ‘எங்களுடைய’ எனப் பொருள்தரும் சொல்லோடு அவ்வடி அறுந்து நிற்க, அச்சொல்லுக்குரிய குன்றோ பகைவர் கைப்பட்ட செய்தியோடு அடுத்த அடியில் வருகின்றது. உரிமையும் உடைமையும் அடியின் எல்லையிலேயே பிரிந்துவிடுகின்றன. இது திட்டமிட்டு அமைந்ததா என வினவுவோர் உளர். செவிக்கு அக்கேள்வி முக்கியமன்று.

கண்ணீர் என்ற சொல் பாடலில் இல்லை. வேந்தர்மீது வெளிப்படையான வசையும் இல்லை. உரக்கப் படிக்கையில் இறுதிச் சீரின் ஏகாரம் மட்டும் நீண்டு ஒலிக்கின்றது.