வீடு கோரமண்டலில், வேலை பெங்களூரில்!

பிறப்பும் குடியேற்றமும் ஓர் ஊரின் மக்கள்தொகையைக் கூட்டும்; இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் கணக்கு முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை.

தங்கவயலை உருவாக்கியதே குடியேற்றம்தான். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்துடன் வந்தனர். கோரமண்டல், உரிகம், மாரிக்குப்பத்தில் குடியிருப்புகள் பெருகின. அடுத்தடுத்த தலைமுறைகள் அங்கேயே பிறந்தன.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள், மறுநாளான மார்ச் 1.

வேலை போன ஊர் காலியாவது இயல்பு. ஆனால் 2011 கணக்கெடுப்பிலும் இந்நகரில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். காரணம், ரயில் பாதை. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்கள் கோரமண்டல், பங்காருப்பேட்டை வழியாக, சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கின்றன. இரவில் அவர்கள் வீடு திரும்புகின்றனர்.

வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே ஒருவர் கணக்கிடப்படுவதால், இவர்கள் தங்கவயல்வாசிகளே. வெளியேறியோர் பட்டியலில் சேர மாட்டார்கள். எனவே, குறையாத மக்கள்தொகையை வளத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. ஊர் இழந்தது மக்களை அல்ல, வேலையை.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்துள்ளது. தங்கவயலுக்கான திட்டங்களை வகுப்போர் தலைகளை எண்ணினால் போதாது. அதிகாலை ரயிலில் ஏறுவோரையும் எண்ண வேண்டும்.