யுனிவர்சலுக்கு மறுநாள்... சும்மா இருங்க! சிங்கப்பூர் டூரில் ஓய்வு நாள் ஏன் அவசியம்?

"இவ்ளோ காசு செலவு பண்ணி வந்துட்டு, ரூம்ல படுத்துத் தூங்கவா?"

குடும்பத்தோடு சிங்கப்பூர் போன பல வீடுகளில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும். எங்கள் வீட்டில் கேட்டது அப்பா. கேட்ட இடம், ஒரு எம்.ஆர்.டி ரயில் நிலையத்தின் நடைமேடை. அக்காவின் ஆறு வயதுப் பையன், "நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரயில் வந்தது, போனது. அடுத்த ரயிலும் வந்தது, போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

போன கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, அக்கா, மாமா, குட்டிப் பையன், நான் என ஆறு பேர் கிளம்பினோம். ஐந்து இரவுகள். திட்டம் போட்டது சாட்சாத் நான்தான். எக்ஸெல் ஷீட்டில் அரை மணி நேரம்கூட காலியாக விடவில்லை. சென்னையில் இரவு விமானம் ஏறி, காலையில் இறங்கி, ஹோட்டலில் பெட்டியைப் போட்டுவிட்டு நேராக சென்டோசா கடற்கரை. மறுநாள் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கதவு திறப்பதில் இருந்து மூடும்வரை. மூன்றாம் நாள் பகலில் உயிரியல் பூங்கா, இரவில் நைட் சஃபாரி. நான்காம் நாள் காலை 'கார்டன்ஸ் பை த பே' கண்ணாடிக் கூடங்களுக்கு டிக்கெட்கூட வாங்கி வைத்திருந்தேன். அதற்குப் போகும் வழியில்தான் இந்தத் தர்ணா!

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா மெள்ள அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "அவன் மட்டும் இல்லப்பா... என்னாலயும் முடியல" என்றார்.

அம்மா அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து, பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அவரின் மொபைலை வாங்கிப் பார்த்தால், யுனிவர்சல் போன அன்று மட்டும் 21,000 ஸ்டெப்ஸ். இத்தனைக்கும் அம்மா அங்கே ஒரே ஒரு ரைடில்கூட ஏறவில்லை.

ஏன் இவ்வளவு களைப்பு?

'சின்ன ஊர்தானே, நாலு நாளில் எல்லாம் பார்த்துடலாம்' என்று நினைத்துத்தான் நம்மில் பலர் சிங்கப்பூருக்கு டிக்கெட் போடுகிறோம். ஊர் சின்னதுதான். ஆனால், உடம்புக்கு அது தெரியாதே!

முதல் காரணம், தூக்கம். சென்னையில் இருந்து நான்கு, நான்கரை மணி நேரப் பயணம். இரவு விமானம் என்றால் உட்கார்ந்தபடி அரைத் தூக்கம்தான். இதில் சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 7 மணிக்குக் குழந்தையை எழுப்பினால், அவன் உடம்புக்கு அது விடியற்காலை நாலரை. மூன்று நாள் தொடர்ந்து நாலரைக்கு எழுப்பினால் யார்தான் தரையில் உட்கார மாட்டார்கள்?

இரண்டாவது, வானிலை. சென்னை வெயிலே பழகிய நமக்கு இதெல்லாம் என்ன என்று தோன்றும். ஆனால், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. வருடம் முழுக்கப் புழுக்கம். வியர்வை காய்வதே இல்லை. மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால், நனைந்த உடையோடு குளிரூட்டப்பட்ட மாலுக்குள் ஓடுவோம். வெளியே புழுக்கம், உள்ளே நடுக்கம் என்று மாறி மாறிப் போனால், பெரியவர்களுக்கே தலை வலிக்கும்.

மூன்றாவது, நின்றுகொண்டே இருப்பது. தீம் பார்க்கில் நாம் ரைடில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். மீதி எல்லாம் வரிசை. நடப்பதைவிட நிற்பது அதிகம் வலிக்கும் என்பதைப் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பை பிடிக்கும் ஆள் யார்?

எந்த தீம் பார்க்கிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு பெஞ்ச். அதில் ஒரு அம்மா. மடியில் இரண்டு பை, தோளில் ஒன்று, கையில் யாருடையவோ மூக்குக் கண்ணாடி, காலடியில் தண்ணீர் பாட்டில். மற்றவர்கள் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்ததும், "அடுத்தது அங்க!" என்று கை காட்டுவார்கள். அவர் எழுந்து, பைகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்.

எங்கள் வீட்டில் அது அம்மா. சில வீடுகளில் மாமியாராக இருக்கலாம், கைக்குழந்தை வைத்திருக்கும் மருமகளாக இருக்கலாம், முழங்கால் வலி உள்ள தாத்தாவாக இருக்கலாம். அவர்கள் உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, 'அவங்களுக்கு என்ன களைப்பு?' என்று நினைத்துவிடுகிறோம். அந்த 21,000 ஸ்டெப்ஸைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓய்வு நாள் குழந்தைக்காக என்று சொல்வோம். உண்மையில் அது இந்தப் பை பிடிக்கும் ஆளுக்காக.

அன்று நாங்கள் செய்தது

டிக்கெட் காசு போனது போனதுதான். அப்பாவுக்கு அந்த வருத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. திரும்ப ஹோட்டலுக்கு வந்தோம். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தோம். எழுந்தபோது மணி பன்னிரண்டு. லிட்டில் இந்தியா பகுதியில் தங்கியிருந்ததால், இறங்கி நடந்தால் சிராங்கூன் சாலை. வாழை இலைச் சாப்பாடு, ரசம், தயிர். மூன்று நாளாக பர்கரையும் சிப்ஸையும் கொறித்துக்கொண்டிருந்தவன், இரண்டாம் முறை ரசம் சாதம் கேட்டான்.

மாலை 4 மணிக்கு, "ஒரே ஒரு இடம். பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்ற ஒப்பந்தத்தோடு பொட்டானிக் கார்டன்ஸ் போனோம். லிட்டில் இந்தியாவில் இருந்து டவுன்டவுன் லைனில் ஏறினால் தோட்டத்தின் வாசலிலேயே ஸ்டேஷன்.

1859-ல் உருவான தோட்டம் இது. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்ய இடமாக அறிவித்தது. அதிகாலை 5 மணியில் இருந்து நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். மற்றபடி பைசா செலவில்லை என்றதும் அப்பாவின் முகத்திலும் வெளிச்சம்!

சிங்கப்பூரின் ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கம் ஒரு மரம் இருக்கிறது. 'டெம்புசு' என்ற அந்த மரம் இந்தத் தோட்டத்தில்தான் நிற்கிறது. நோட்டைக் கையில் கொடுத்து, "இந்த மரத்தைக் கண்டுபிடி பார்க்கலாம்" என்றோம். காலையில் ஓர் அடிகூட நகராதவன், மரத்துக்கு மரம் ஓடினான்.

அம்மா புல்வெளியில் காலை நீட்டி உட்கார்ந்தார். ரப்பர் மரத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பை மொபைலில் படித்துக் காட்டினேன். 1888-ல் இங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர், மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். அதன் பிறகு மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் மலாயாவுக்குப் போனவர்தான். ரெண்டு கடுதாசி வந்துச்சாம். அப்புறம் ஒண்ணுமே வரலையாம். பாட்டி சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். அந்தக் கதையை அக்காவும் நானும் அதற்குமுன் கேட்டதில்லை. சொல்ல அவருக்கும் நேரம் இருந்ததில்லை, கேட்க எங்களுக்கும்.

உங்கள் ஓய்வு நாளுக்குச் சில ஐடியாக்கள்

*குழந்தைகளுக்கு:* பொட்டானிக் கார்டன்ஸுக்குள்ளேயே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. அனுமதி இலவசம். குழந்தையோடு வரும் பெரியவர்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம். கார்டன்ஸ் பை த பே-யிலும் தண்ணீரில் விளையாடும் சிறுவர் பகுதி இலவசம். மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். இரண்டுக்கும் பொதுவாக திங்கட்கிழமை விடுமுறை என்பதால், ஓய்வு நாளை அன்று வைக்காதீர்கள்.

*மழை வந்தால்:* சென்டோசாவுக்கு எதிர்க்கரையில், ஹார்பர்ஃபிரன்ட் எம்.ஆர்.டி-க்கு மேலேயே இருக்கிறது விவோசிட்டி மால். அதன் மூன்றாவது தளத்தில் 2019-ல் திறந்த பொது நூலகம் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கலாம், சிறுவர் பகுதியும் பெரியது. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. மழை விட்டதும் அதே தளத்தின் திறந்தவெளியில், கணுக்கால் அளவு தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விடலாம்.

*பெரியவர்களுக்கு:* சைனாடவுனில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827-ல் தோன்றியது. சிங்கப்பூரின் மிகப் பழைமையான இந்துக் கோயில் இதுதான். காலையில் போய்விட்டு, நிதானமாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

*மாலையில்:* மரினா பராஜ் அணையின் கூரை முழுக்கப் புல்வெளி. உள்ளூர்க் குடும்பங்கள் பட்டம் விடும் இடம். பாய் விரித்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. தெம்பு இருந்தால் பக்கத்திலேயே கார்டன்ஸ் பை த பே-யின் 'சூப்பர் ட்ரீ' விளக்குக் காட்சி. தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும், கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

*எங்கும் போகாமல்:* ஹோட்டலில் நீச்சல்குளம் இருக்கிறதா? அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம். எத்தனை பேர் அதில் ஒருமுறையாவது இறங்குகிறோம்?

*ஒரு எச்சரிக்கை:* 'ஓய்வு நாள்தானே, முஸ்தபா போயிட்டு வந்துடலாம்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விட்டுவிடாதீர்கள். முஸ்தபா சென்டரில் ஷாப்பிங் செய்வது ஓய்வல்ல, அது தனியாக ஒரு தீம் பார்க்!

திட்டம் போடும்போதே...

ஓய்வு நாளை ஊரில் இருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். யுனிவர்சல் போன்ற இடங்களுக்கு தேதி குறித்துத்தான் டிக்கெட் வாங்குகிறோம். அங்கே போய் மாற்றுவது சிரமம், எங்களைப் போல காசும் போகும். தீம் பார்க்குக்கு மறுநாளைக் காலியாக விடுவது நல்லது. நாள் குறைவு என்றால் மறுநாள் காலை மட்டுமாவது அலாரம் வைக்காதீர்கள். இரவு விமானத்தில் போய் இறங்கும் முதல் நாளிலும் பெரிய திட்டம் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை அங்கே அப்படியே குடிக்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் இருந்தால் போதும். ஆனால், எம்.ஆர்.டி ரயிலிலும் ஸ்டேஷனிலும் தண்ணீர் குடிக்கக்கூடத் தடை, அபராதம் 500 டாலர்வரை. உள்ளே நுழையும் முன்பே குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று... ஓய்வு நாள் என்றதும் எல்லோரும் படுத்துவிட, வீட்டில் செய்யும் அதே வேலையை அம்மா அங்கேயும் ஆரம்பித்துவிடுவார். குளியலறையில் துணி அலசுவார், பெட்டியை மறுபடி அடுக்குவார், 'காபி போடட்டுமா?' என்று கெட்டிலைத் தேடுவார். எங்கள் அம்மாவும் அன்று துணி சோப்பை எடுத்துவிட்டார். நானும் மாமாவும் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு, காசு போட்டால் துவைத்துக் காயவைத்துத் தரும் லாண்டரிக்கு ஓடினோம். ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவுதான் வேலை. அந்த நேரத்தில் அம்மா காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துத் தூங்கினார்.

அப்பா போட்ட கணக்கு

அன்று இரவு அப்பா வழக்கம்போல நோட்டில் கணக்கு எழுதினார். ஆறு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு, ரயில், லாண்டரி. அவ்வளவுதான். "இந்த டூர்லயே கம்மியா செலவான நாள் இதுதான்" என்றார். காலையில் கேட்ட கேள்வியை அவர் மறந்துவிட்டார் போல. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. மறுநாள் ஐந்தாம் நாள், ஆறு பேரும் சிரித்த முகத்தோடு கிளம்பினோம்.

இப்போதும் யாராவது, "சிங்கப்பூர்ல என்னடா பார்த்தே?" என்று கேட்டால், அக்கா பையன் ரோலர் கோஸ்டரைச் சொல்வதில்லை. பொட்டானிக் கார்டன்ஸ் குளத்தோரம் நடந்துபோன உடும்பைத்தான் கையை விரித்துக் காட்டுகிறான். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நீளமாகிக்கொண்டே போகிறது.

அடுத்த டூருக்கு நான் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தபோது, அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இதுல ஒண்ணும் எழுதாதே" என்றார். எழுதவில்லை.